பிரிப்பதற்காகத் தைத்த தையல்

உடை வரலாறு படிக்கிறவர்கள் ஒரு கட்டத்தில் ஒரு காலியிடத்தில் வந்து முட்டிக்கொள்வார்கள். ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் இருநூறு முன்னூறு வருடப் பழைய கல்யாண கவுன் கிடைக்கிறது. அரசவைக்குப் போட்டுப்போன கோட்டு, நடனத்துக்குப் போட்ட காலணி, குழந்தையின் ஞானஸ்நானச் சட்டை எல்லாம் கண்ணாடிப் பெட்டிக்குள் பத்திரமாக இருக்கின்றன. கர்ப்பிணி அணிந்தது என்று உறுதியாகச் சொல்லக்கூடிய பழைய உடைகள் மட்டும் மிகக் குறைவு.

கணக்குப்படி பார்த்தால் இது தலைகீழாக இருந்திருக்க வேண்டும். கல்யாண கவுன் வாழ்நாளில் ஒரு நாள் போடுவது. கர்ப்பமோ பெண்ணின் வாழ்க்கையில் வருடக்கணக்காக நீண்டது. விக்டோரியா மகாராணியே 1840 முதல் 1857 வரை ஒன்பது குழந்தைகள் பெற்றார். அரண்மனையிலேயே இப்படி என்றால் மற்ற வீடுகளைச் சொல்ல வேண்டியதில்லை. அத்தனை பெண்கள், அத்தனை மாதங்கள் எதையோ உடுத்திக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். அதெல்லாம் எங்கே போயிற்று?

வெட்கப்பட்டு மறைத்துவிட்டார்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் பதில். அதில் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் எனக்கு அதைவிடச் சாதாரணமான பதில்தான் சரியாகப் படுகிறது. அந்த உடைகள் எங்கும் போகவில்லை. பிள்ளை பிறந்ததும் திரும்பவும் பிடித்துத் தைக்கப்பட்டன. பிறகு சின்னவளுக்கு வெட்டித் தைக்கப்பட்டன. பிறகு பிள்ளைக்குக் கீழே விரிக்கும் துணியாயின. கடைசியில் கந்தலாகி விற்கப்பட்டன. கர்ப்பகால உடை என்று ஒன்று தனியாக இருந்ததே இல்லை. இருக்கிற உடை சில மாதங்களுக்குக் கர்ப்பமாக இருந்தது, அவ்வளவுதான்.

இந்தக் கட்டுரை அந்தச் சில மாதங்களைப் பற்றியது. கையில் காசில்லாத பெண்கள், வயிறு வளர வளர, நாலு பேர் முன்னால் நிற்கிற மாதிரி எப்படி உடுத்திக்கொண்டார்கள் என்பதைப் பற்றியது.

*

காசுள்ளவர்களின் கதையை முதலில் சொல்லி முடித்துவிடலாம். 16ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இங்கிலாந்துப் பிரபுக்கள் வீட்டில் கர்ப்பிணி மனைவியை நிற்கவைத்து ஓவியம் வரைந்து வைக்கும் வழக்கம் இருந்தது. இந்த வகையில் பெயர்பெற்றவர் இளைய மார்கஸ் கீரார்ட்ஸ். 1595 வாக்கில் அவர் வரைந்த பெயர் தெரியாத ஒரு பெண்ணின் ஓவியம் இன்று லண்டன் டேட் தொகுப்பில் இருக்கிறது. வெள்ளை உடை, அதன்மேல் முத்துச் சரங்கள், முன்தள்ளிய வயிறு. மறைக்கும் எண்ணமே இல்லை. வாரிசு வரப்போகிறது என்று ஊருக்கு அறிவிக்கிற படம் அது. பிரசவத்தில் அவள் இறந்துவிட்டால் நினைவுக்கு இருக்கட்டும் என்ற பயமும் அதில் உண்டு என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

வேலைக்காரிகளையும் கூடைக்காரிகளையும் யாரும் இப்படி நிற்கவைத்து வரையவில்லை. ஆனால் அவர்களுடைய உடையின் அமைப்பு நமக்குத் தெரியும். 18ஆம் நூற்றாண்டு லண்டனில் ஒரு சாதாரணப் பெண்ணின் கவுன் முன்பக்கம் திறந்தே இருக்கும். பட்டன் கிடையாது. குண்டூசியால் குத்திக்கொள்வார்கள். இடையில் தெரியும் இடத்தைத் தனியாக ஒரு துணித்துண்டு மறைக்கும். பாவாடைக்கு இரண்டு பக்கமும் திறப்பு, இரண்டு நாடா. உள்ளே போடும் இறுக்குக் கச்சும் கயிறு கோத்துக் கட்டுவதுதான். இதையெல்லாம் மூடியபடி மேலே ஒரு ஏப்ரன்.

மாதம் ஏற ஏற என்ன செய்திருப்பாள்? குண்டூசியைக் கொஞ்சம் தள்ளிக் குத்துவாள். நாடாவைத் தளர்த்துவாள். கயிற்றை இளக்குவாள். இடைவெளி பெரிதானால் ஏப்ரன் மூடிக்கொள்ளும். கடைசி மாதங்களில் ‘பெட்கவுன்’ என்று ஒரு தொளதொள மேல்சட்டை. பெயரில்தான் படுக்கை இருக்கிறது. உழைக்கும் பெண்கள் பகலெல்லாம் அதைப் போட்டுக்கொண்டு வேலை பார்த்தார்கள். ஒரு பென்னிகூடச் செலவில்லாமல் ஒன்பது மாதமும் ஓடிவிடும்.

நான் பொறியியல் படித்தவன். எங்கள் பாடத்தில் ‘டாலரன்ஸ்’ என்று ஒன்று வரும். ஒரு பாகம் குறித்த அளவிலிருந்து எவ்வளவு விலகினாலும் இயந்திரம் ஓடும் என்பதற்கான வரம்பு. அந்தக் கவுனைத் தைத்தவர் அந்தச் சொல்லைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார். ஆனால் உடம்பு ஒரே அளவில் நிற்காது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு தைத்திருக்கிறார்.

*

அந்தத் துணிகள் எப்படி இருந்தன? அதைத் தெரிந்துகொள்ள ஒரு இடம் மிச்சமிருக்கிறது, துயரமான இடம். தாமஸ் கோரம் என்ற கப்பல்காரரின் முயற்சியால் 1741இல் லண்டனில் ஃபவுண்ட்லிங் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. பெயர் ஆஸ்பத்திரி என்றாலும் அது வளர்க்க வழியில்லாத தாய்மார்கள் கைக்குழந்தையை விட்டுச்செல்லும் இல்லம். குழந்தையைப் பதிவுசெய்யும்போது அடையாளத்துக்கு ஒரு துண்டுத் துணியை வெட்டிப் பதிவுத்தாளோடு குத்திவைப்பார்கள். பின்னாளில் தாய் திரும்பி வந்தால் எந்தக் குழந்தை என்று கண்டுபிடிக்க அதுதான் சாட்சி. தாயின் பெயரைக்கூட எழுதவில்லை.

அப்படிச் சேர்ந்த துணித்துண்டுகள் சுமார் 5,000. பிரிட்டனில் 18ஆம் நூற்றாண்டின் அன்றாடத் துணிகளுக்கு இதைவிடப் பெரிய சேகரிப்பு இல்லை. 2010இல் வரலாற்றாசிரியர் ஜான் ஸ்டைல்ஸ் இவற்றை வைத்து ஒரு கண்காட்சி நடத்தினார். பூப்போட்ட பருத்தி, கோடுபோட்ட லினன், நாடா, கம்பளித் துண்டு. பல துண்டுகள் குழந்தையின் உடையிலிருந்து வெட்டியவை. அந்தக் குழந்தைச் சட்டைகளில் பல, பெரியவர்களின் பழைய உடையிலிருந்து தைத்தவை. அதாவது, சில மாதம் முன்னால் அந்தப் பூப்போட்ட துணியே வயிற்றுக்குமேல் குண்டூசி தள்ளிக் குத்தப்பட்டிருந்திருக்கலாம்.

1767 பிப்ரவரியில் ஒரு ஆண்குழந்தையோடு வந்த துண்டு மட்டும் தனி. ஒட்டுப்போட்டுத் தைத்த துணி, அதில் ஊசிவேலை செய்த ஒரு இதயம், அது பாதியாக வெட்டப்பட்டிருக்கிறது. மறுபாதி தாயிடம். எட்டு வருடம் கழித்து, 1775இல், அவள் வந்து பிள்ளையைக் கூட்டிப்போனாள். அங்கே விடப்பட்ட பிள்ளைகளில் திரும்ப அழைத்துச் செல்லப்பட்டவர்கள் மிகச் சிலரே.

ஏழைகளுக்கு உடையழகில் அக்கறை இருந்திருக்காது என்று நினைப்பவர்கள் இந்தப் பதிவேடுகளைப் பார்க்க வேண்டும். பிள்ளையை விட்டுப்போகிற நிலையில் இருந்த பெண்களின் துணியில் பூ இருக்கிறது, கோடு இருக்கிறது, வண்ணம் இருக்கிறது. விலை குறைந்த அச்சுத்துணிதான். ஆனால் கடையில் நின்று, இது வேண்டாம் அதைக் கொடு என்று யாரோ தேர்ந்தெடுத்த துணி.

*

19ஆம் நூற்றாண்டில் நிலைமை மாறியது. கவுனின் மேல்பாகம் உடம்போடு ஒட்டித் தைக்கப்பட்டது. தையல் இயந்திரம் வந்தது. நூற்றாண்டின் கடைசியில் பெண்களுக்கும் ரெடிமேட் உடைகள் பெருகின. ரெடிமேட் என்றால் அளவு எண். அளவு எண் என்றால் மாறாத உடம்பு. குண்டூசியும் நாடாவும் இருந்த இடத்தில் கொக்கியும் பட்டனும் வந்தன. டாலரன்ஸ் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. கர்ப்பம் என்பது முதல்முறையாக ஒரு உடைப்பிரச்சினை ஆனது.

வசதியான வீட்டுப் பெண்ணுக்கு அதற்கும் வழி இருந்தது. வயிறு தெரிய ஆரம்பித்ததும் வெளியே போவதைக் குறைத்துக்கொண்டு வீட்டோடு இருந்துவிடலாம். தொழிற்சாலைக்குப் போகிறவள் என்ன செய்வாள்? பிரிட்டனில் 1891இல் வந்த தொழிற்சாலைச் சட்டம், பிள்ளைபெற்ற பெண்ணை நாலு வாரம் வேலைக்கு வைக்கக்கூடாது என்றது. பிள்ளை பெறும் முன்பு? அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பிரசவ வலி வரும்வரை தறியில் நிற்கலாம்.

1915இல் பெண்கள் கூட்டுறவு கில்டு, தன் உறுப்பினர்களான உழைக்கும் வர்க்கத் தாய்மார்கள் எழுதிய 160 கடிதங்களைப் புத்தகமாக வெளியிட்டது. தொகுத்தவர் மார்கரெட் லெவெலின் டேவிஸ். அவற்றைப் படித்தால் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வருகிறது. கர்ப்ப காலம் என்பது சேமிப்புக் காலம். மருத்துவச்சிக்குக் கூலி, பிள்ளைக்குத் துணி, படுத்திருக்கும் நாட்களுக்கு வீட்டுச் செலவு. இவ்வளவையும் தாய் தன் தட்டிலிருந்து மிச்சம்பிடிக்கிறாள். பட்டியலில் எல்லோரும் இருக்கிறார்கள், அவளைத் தவிர. 1911ஆம் வருடத் தேசியக் காப்பீட்டுச் சட்டம் பிரசவத்துக்கு 30 ஷில்லிங் உதவித்தொகை கொடுத்தது. ஆனால் அது மனைவியின் பணம் என்று சட்டத்தில் எழுதவைக்கக் கில்டு போராட வேண்டியிருந்தது. 1913இல்தான் அது நடந்தது.

*

இந்தச் சமயத்தில் அட்லாண்டிக்கின் மறுகரையில் ஒரு தையல்காரி வேலை செய்துகொண்டிருந்தார். லீனா ஹிம்மல்ஸ்டைன், லித்துவேனியாவில் 1877இல் பிறந்த யூதப் பெண். 1895இல் நியூயார்க் வந்து, உள்ளாடை தைக்கும் பட்டறையில் வாரம் ஒரு டாலர் கூலிக்குச் சேர்ந்தார். டேவிட் பிரையண்ட் என்ற நகை வியாபாரியைக் கல்யாணம் செய்தார். மகன் கைக்குழந்தையாக இருக்கும்போதே கணவர் இறந்துபோனார். மிஞ்சியது அவர் கொடுத்த வைரத்தோடு. அதை அடகுவைத்து ஒரு தையல் இயந்திரம் வாங்கினார் லீனா. நம் ஊரில் எத்தனை வீட்டில் நடந்த கதை இது!

1904இல் சொந்தமாகக் கடை போட்டார். வங்கிக் கணக்கு தொடங்கும்போது லீனா என்ற பெயரின் ஆங்கில எழுத்துகள் இரண்டு இடம்மாறி ‘லேன்’ என்று பதிவாகிவிட்டது. அதைத் திருத்தச் சொல்லக் கூச்சப்பட்டு அப்படியே விட்டுவிட்டார் என்பார்கள். அப்படித்தான் ‘லேன் பிரையண்ட்’ என்ற பெயர் வந்தது.

ஒருநாள் கர்ப்பிணி வாடிக்கையாளர் ஒருவர், வசதியாகவும் இருக்க வேண்டும், வெளியில் போட்டுப்போகிற மாதிரியும் இருக்க வேண்டும், அப்படி ஒன்று தைத்துத் தர முடியுமா என்று கேட்டார். லீனா செய்தது மிக எளிமையான காரியம். மேல்சட்டையையும் விசிறி மடிப்பு வைத்த பாவாடையையும் ஒரு எலாஸ்டிக் பட்டையால் இணைத்தார். வயிறு வளர்ந்தால் எலாஸ்டிக் இழுபடும், மடிப்பு விரியும். பழைய கவுனின் நாடாவும் குண்டூசியும் செய்த வேலையை ரெடிமேட் உடைக்குள் திரும்பக் கொண்டுவந்தார் என்றுகூடச் சொல்லலாம்.

சரி, விலை? அந்த உடை 18 டாலருக்கு விற்றது. லீனா முதலில் வாங்கிய கூலியில் பதினெட்டு வாரச் சம்பளம். தைத்த பெண்ணால் வாங்க முடியாத உடை. உடை வரலாற்றில் இது அடிக்கடி நடப்பதுதான் என்றாலும் இங்கே கொஞ்சம் கூடுதலாக உறுத்துகிறது.

1909இல் லீனா மறுமணம் செய்துகொண்ட ஆல்பர்ட் மால்சின் ஒரு பொறியாளர். கணக்கையும் உற்பத்தியையும் அவர் கையிலெடுத்தார். அவருக்கு முன்னால் இருந்த முதல் தடை விலை அல்ல, விளம்பரம். கர்ப்பிணி உடைக்கு விளம்பரம் போட நியூயார்க் நாளிதழ்கள் மறுத்தன. அந்தப் பேச்சே பொதுவில் கூடாது. 1911இல் நியூயார்க் ஹெரால்டு ஒப்புக்கொண்டது. விளம்பரம் வந்த மறுநாளே கடையில் இருந்த சரக்கு முழுவதும் விற்றுத்தீர்ந்தது. பேசக்கூடாத விஷயத்துக்கு எவ்வளவு பேர் காத்திருந்தார்கள் என்று அந்த ஒரே நாள் காட்டிக்கொடுத்துவிட்டது. கடைக்கு வரக் கூச்சப்படுகிறவர்களுக்காகத் தபாலில் வாங்கும் அட்டவணைப் புத்தகமும் போட்டார்கள். 1917இல் வருட விற்பனை பத்து லட்சம் டாலரைத் தாண்டியது.

மால்சின் அதோடு நிற்கவில்லை. கடைக்கு வந்த சுமார் 4,500 பெண்களை அளந்தார். ஆயுள் காப்பீட்டு நிறுவனத்திடம் இருந்த சுமார் 2 லட்சம் பெண்களின் அளவுகளையும் சேர்த்து ஆராய்ந்தார். ரெடிமேட்காரர்கள் வைத்திருந்த அளவுகளுக்குள் ஏராளமான பெண்கள் அடங்கவில்லை என்று தெரிந்தது. கர்ப்பிணியை மனதில் வைத்துத் தொடங்கிய கடை, பருமனான பெண்களுக்கான கடையாக வளர்ந்தது இப்படித்தான். தரவோடு வேலை செய்கிறவன் என்ற முறையில் எனக்கு இந்த இடம் பிடிக்கும். பொருந்தாத உடம்புகளைப் பிழை என்று ஒதுக்காமல், அளவுகோல்தான் பிழை என்று ஒருவர் சந்தேகப்பட்டிருக்கிறார்.

லீனா கையாளாமல் விட்ட ஒரு சிக்கலை 1938இல் டல்லாஸில் இன்னொரு பெண் எடுத்துக்கொண்டார். வயிறு பெரிதானால் பாவாடையின் முன்பக்கம் மேலே ஏறிக்கொள்ளும், பின்பக்கம் தொங்கும். கர்ப்பிணி உடை அவலட்சணமாகத் தெரிவதற்கு முக்கியக் காரணமே இதுதான். எல்ஸி ஃபிராங்க்ஃபர்ட் தன் கர்ப்பிணி அக்காவுக்காகப் பாவாடையின் முன்பக்கத்தில், வயிறு வரும் இடத்தில், ஒரு ஜன்னல் மாதிரி துணியை வெட்டி எடுத்துவிட்டார். மேலே ஒரு தளர்வான சட்டை அதை மூடிக்கொள்ளும். கீழ் ஓரம் ஒன்பது மாதமும் நேராக நிற்கும். துணியைக் கூட்டாமல் குறைத்துத் தீர்த்த சிக்கல். சகோதரிகள் 500 டாலரில் தொடங்கிய ‘பேஜ் பாய்’ நிறுவனம் பின்னால் சினிமா நட்சத்திரங்களுக்கு உடை தைத்தது.

*

கர்ப்பிணியின் உடையை ஒரு அரசாங்கமே எண்ணிக் கணக்குப் போட்ட காலமும் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது, 1941 ஜூன் 1 அன்று, பிரிட்டனில் துணிக்கு ரேஷன் வந்தது. பெரியவர்களுக்கு முதல் வருடம் ஆளுக்கு 66 கூப்பன். கம்பளி கவுனுக்கு 11, பருத்தி கவுனுக்கு 7, காலுறைக்கு 2. கூப்பன் பணம் அல்ல. கூப்பனும் கொடுக்க வேண்டும், காசும் கொடுக்க வேண்டும்.

கர்ப்பிணிகளுக்குக் கூடுதலாக முதலில் 50 கூப்பன், பின்னர் 60. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தக் கூப்பன் பிறக்கப்போகும் குழந்தைக்கு: நாப்பி, சட்டை, போர்வை. தாய் தன் பழைய உடைகளையே பிரித்துத் தைத்துப் போட்டுக்கொள்ளட்டும் என்பதுதான் அரசாங்கத்தின் எதிர்பார்ப்பு. 1943இல் தகவல் அமைச்சகம் வெளியிட்ட ‘மேக் டூ அண்ட் மெண்ட்’ என்ற கையேடு, இருப்பதை வைத்து எப்படிச் சமாளிப்பது என்று சொல்லிக்கொடுத்தது. ஆண்களின் பழைய உடையை வெட்டிப் பெண்களுக்குத் தைப்பது, இரண்டு கவுனைச் சேர்த்து ஒன்றாக்குவது, கிழிசலை அழகாக ஒட்டுவது. போருக்குப் போன கணவரின் சட்டை கர்ப்பிணி மனைவியின் மேல்சட்டையானது. முன்னால் ஒன்றன்மேல் ஒன்றாக மடித்து நாடாவால் கட்டும் கவுன்கள் வந்தன. அதாவது, பழைய லண்டன்காரியின் நாடா திரும்பி வந்தது. பெண்கள் தன்னார்வ சேவை அமைப்பு குழந்தைத் துணிகளை மாற்றிக்கொள்ளும் மையங்களை நடத்தியது.

அதே சமயம் அமெரிக்காவில் துணியைச் சிக்கனப்படுத்த 1942இல் எல்-85 என்ற ஆணை வந்தது. பாவாடை எவ்வளவு அகலம் இருக்கலாம் என்றுகூட வரையறுத்த ஆணை. அதிலிருந்து விலக்குப் பெற்ற சிலவற்றில் கர்ப்பகால உடையும் ஒன்று. இரண்டு அரசாங்கங்களும் ஒரே உடம்பை இரண்டு விதமாகப் பார்த்திருக்கின்றன. ஒன்று அதற்குத் துணி வேண்டும் என்றது. மற்றொன்று அதனிடம் ஊசி இருக்கிறதே என்றது.

பிரிட்டனை மட்டும் சொல்ல முடியாது. பின்லாந்து 1938 முதல் ஏழைத் தாய்மார்களுக்கும், 1949 முதல் எல்லாத் தாய்மார்களுக்கும் பிரசவப் பெட்டி கொடுத்து உலகப் புகழ்பெற்றது. அதில் நிறைந்திருப்பது குழந்தையின் உடை. தமிழ்நாட்டில் 2015இல் தொடங்கிய அம்மா குழந்தை நலப் பரிசுப் பெட்டகத்தில் 16 பொருட்கள். குழந்தைக்கு உடை, துண்டு, படுக்கை, கொசுவலை, கிலுகிலுப்பை. தாய்க்கென்று குளியல் சோப்பு, சௌபாக்கிய சுண்டி லேகியம். நல்ல திட்டங்கள்தான், குறை சொல்லவில்லை. தாய் எதை உடுத்துவாள் என்ற கேள்வி மட்டும் எந்தப் பெட்டியிலும் நுழைவதில்லை. 1915 கடிதங்களின் பட்டியல் இன்னும் அப்படியே இருக்கிறது.

*

பெட்டகத்தின் வழியாக நம் ஊருக்கு வந்துவிட்டோம். இங்கே பலரும் சட்டென்று சொல்லும் பதில், ‘நமக்குத்தான் புடவை இருக்கே’ என்பது. பாதி உண்மை. தைக்காத ஐந்தரை மீட்டர் துணிக்கு அளவு எண் கிடையாது. வயிறு வளர்ந்தால் ஏழு கொசுவம் ஐந்தாகும், ஐந்து நாலாகும். பிள்ளை பிறந்தபின் திரும்ப ஏழாகும். உள்பாவாடைக்கு நாடா. லண்டன் கவுனுக்குள் இருந்த அதே தளர்வு, இன்னும் தாராளமாக.

மீதிப் பாதியைப் புடவை கட்டிய கர்ப்பிணியிடம் கேட்க வேண்டும். முன்பக்கம் மேலே ஏறி, பின்பக்கம் தரையில் இழுபட்டு, படியில் தடுக்கும். எல்ஸியின் அதே சிக்கல். நாடா வயிற்றில் அழுத்தித் தழும்பு மாதிரி கோடு போடும். ரவிக்கை முதல் சில மாதங்களிலேயே பத்தாமல் போகும். அங்கேதான் நம் தையல்காரர்களின் ஒரு பழக்கம் கைகொடுக்கிறது. ரவிக்கையின் பக்கவாட்டில் ஒரு தையலோடு நிறுத்த மாட்டார்கள். உள்ளே துணி விட்டு, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு மூன்று தையல் போடுவார்கள். ‘உள்ள துணி விட்டிருக்கேன், பத்தலைன்னா ஒரு தையலப் பிரிச்சுக்கம்மா’ என்று சொல்லிக் கொடுப்பார்கள். வாங்குகிறவளின் உடம்பு மாறும், அவளால் ஒவ்வொரு முறையும் புதிது தைக்க முடியாது என்ற இரண்டையும் சேர்த்துக் கணக்குப்போட்ட தையல் அது. கடையில் தொங்கும் ரெடிமேடில் இதைத் தேடினால் கிடைக்காது. அங்கே உள்துணி என்பது வீண் செலவு.

புடவையிலிருந்து சுடிதாருக்கும் குர்த்திக்கும் வந்த தலைமுறைக்கு ஐரோப்பா நூறு வருடம் முன்னால் சந்தித்த சிக்கல் இப்போது வந்திருக்கிறது. 1961ஆம் வருட மகப்பேறு நலச் சட்டம், 2017 திருத்தத்துக்குப் பிறகு 26 வார விடுப்பு தந்தது. அதில் பிரசவத்துக்கு முன்னால் எடுக்கக்கூடியது அதிகபட்சம் 8 வாரம். பிள்ளையோடு இருக்கும் நாளைக் கூட்டிக்கொள்ள நினைப்பவர்கள் அதையும் எடுக்காமல் கடைசிவரை அலுவலகம் வருகிறார்கள். என் துறையில் இதை நான் தினமும் பார்க்கிறேன். ஆறேழு மாதத்துக்கு அலுவலக உடை வேண்டும். அதற்காகத் தனியாக விற்கும் உடைகள், அதே துணிக்குச் சாதாரண குர்த்தியைவிடக் கூடுதல் விலை. சட்டமே எட்டாத கட்டட வேலையிலும் வீட்டு வேலையிலும் இருக்கும் பெண்களுக்கு இந்தக் கேள்விகூட ஆடம்பரம்.

அவர்களுக்கான விடையைப் பெரிய நிறுவனம் எதுவும் தரவில்லை. பிளாட்பாரக் கடையில் தொங்கும் நைட்டி தந்தது. தோளிலிருந்து நேராக இறங்கும் பருத்தி. இடுப்பு என்ற ஒன்றே அதில் கிடையாது. கர்ப்பத்துக்கு முன்னும் போடலாம், கர்ப்பத்திலும் போடலாம். முன்னால் இரண்டு ஜிப் வைத்தால் அதுவே ஃபீடிங் நைட்டி. முதலில் அந்த ஜிப்பை வைத்தவருக்கு லீனா மாதிரி ஒரு பெயர் வரலாற்றில் கிடைக்கவில்லை. பதிலுக்கு நைட்டியைப் பற்றிய கேலி மட்டும் நிறையக் கிடைக்கிறது. மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு கடைக்குப் போகும் பெண்ணைப் பற்றிச் சிரிக்கிறவர்கள், தொளதொள பெட்கவுனையும் ஏப்ரனையும் ஓவியத்தில் பார்த்தால் அழகு என்கிறார்கள்.

ஆனால் அதே பெண் பரிசோதனைக்குப் போகிற அன்று நைட்டியில் போக மாட்டாள். ‘ஆஸ்பத்திரிக்குப் போறப்ப நல்ல புடவையா கட்டிட்டுப் போடி’ என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அது அலங்காரத்துக்காகச் சொல்வதல்ல. வரிசையில் எப்படிக் கூப்பிடுவார்கள், கேட்ட கேள்விக்கு நின்று பதில் சொல்வார்களா, ‘வாம்மா’வா ‘ஏய் வா’வா என்பது புடவையைப் பார்த்தும் முடிவாகிறது என்று அவர்களுக்குத் தெரியும். பெட்டியில் இருக்கும் ஒரே நல்ல புடவை, வளைகாப்புக்கு வந்த புடவை, அன்றைக்கு வெளியே வரும். சிக்கனமாக வாழ்கிற ஒருத்தி நன்றாக உடுத்த நினைப்பதை வீண் ஆசை என்று சொல்கிறவர்கள், அந்த வரிசையில் ஒருமுறை நின்று பார்க்கலாம்.

பிள்ளை பிறந்ததும் அவள் கட்டிப் பழகிய நூல் புடவைகளில் ஒன்று தூளியாகும். இன்னொன்று கிழித்து மடிக்கப்பட்டுப் பிள்ளைத் துணியாகும். பிறந்த குழந்தைக்குப் பழைய துணிதான் போடவேண்டும் என்பது நம் வீடுகளின் வழக்கம். பலமுறை துவைத்து மெலிந்த அந்த நூல்தான் குழந்தையின் தோலுக்கு இதமானது. பல வருடத்துக்குப் பிறகு அதில் எதுவும் மிஞ்சாது, எந்த அருங்காட்சியகத்துக்கும் போகாது. மிஞ்சினால் ஒரு ரவிக்கை மிஞ்சலாம். பக்கவாட்டில், கடைசித் தையலுக்கு வெளியே, பிரித்த தையலின் ஊசித்துளைகள் வரிசையாகத் தெரியும். அவை இருந்தால் அது யாரோ ஒருத்தியின் கர்ப்பகால உடை.